ஒரு கடல் சாமந்தி இரண்டாகும் விதம்

முருங்கைப் போத்தை வெட்டி ஊன்றினால் தழைக்கும் என்பதைக் கொல்லையில் ஒரு முருங்கையாவது வைத்திருக்கும் மொரீசியஸ் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வாயும் வயிறும் தசையும் உள்ள ஒரு விலங்கைச் சவர பிளேடால் நடுவே பிளந்தால் இரண்டு பாதிகளும் இரண்டு முழு விலங்குகளாகும் என்று சொன்னால், ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எளிதில் நம்புவதில்லை. கூடத்துத் தொட்டியில் இருக்கும் குமிழ்நுனிக் கடல் சாமந்திகள் அனைத்தும் ஒரே விலங்கிலிருந்து வந்தவை. கடைக்காரர்கள் இதனை 'பபிள் டிப்' என்பார்கள். அறிவியல் பெயர் என்டக்மியா குவாட்ரிகலர்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதை அறிய, அதன் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். கடல் சாமந்திக்கு மூளை இல்லை, இதயம் இல்லை, இரத்தமும் இல்லை. வெளித்தோல் ஓரடுக்கு, உள்தோல் ஓரடுக்கு, இடையே கூழ் போன்ற ஒரு படலம். இவற்றால் ஆன பை அது. பையின் மேற்புறத்து வட்டத்தில் உணர்கொம்புகள் சூழ நடுவில் வாய் இருக்கிறது. கழிவு வெளியேறுவதும் அதே வாய் வழியாகத்தான். கீழே பாறையைப் பற்றிக்கொள்ளும் பாதத்தட்டு. உள்ளே, சாத்துக்குடிச் சுளைகளைப் பிரிக்கும் தோலைப் போல, மேலிருந்து கீழாக மெல்லிய தடுப்புச் சுவர்கள் பல இறங்குகின்றன. செரிக்க வைக்கும் இழைகளும், உடலைச் சுருக்கும் தசைகளும், இனப்பெருக்கச் செல்களும் அந்தச் சுவர்களில்தான் உள்ளன.

ஆகவே வெட்டின் திசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வாயின் நடுவே தொடங்கிப் பாதத்தட்டு வரை நேராக இறங்கும் வெட்டு, ஒவ்வொரு பாதிக்கும் பாதி வாய், பாதித் தொண்டை, சில தடுப்புச் சுவர்கள், பாதிப் பாதம் என எல்லாவற்றிலும் பங்கு கொடுக்கிறது. குறுக்கே வெட்டினாலோ, மேல்துண்டுக்கு வாய் உண்டு, பற்றிக்கொள்ளப் பாதம் இல்லை. கீழ்த்துண்டுக்குப் பாதம் உண்டு, உண்ண வாய் இல்லை. நெமட்டோஸ்டெல்லா என்னும் சிறிய சேற்றுக் கடல் சாமந்தி குறுக்கு வெட்டையும் தாங்கும். அதன் கீழ்த்துண்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் புதிய வாயையும் உணர்கொம்புகளையும் முளைக்கச் செய்துவிடும். 2007இல் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்ட அந்த இனத்தை வைத்தே, வாய் எந்தப் பக்கம் உருவாக வேண்டும் என்பதை 'வின்ட்' எனப்படும் சமிக்ஞைப் புரதங்கள் குறித்துக்காட்டுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டனர். குமிழ்நுனியிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. முதல் முறை என் கை பிசகி வெட்டு ஓரமாக இறங்கியது; வாயில் பங்கு கிடைக்காத சிறிய துண்டு நான்காம் நாள் கரைந்து, தொட்டி நீரையும் கெடுத்தது. அதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

இந்த ஆற்றலை மனிதர் கண்டறிந்து நெடுங்காலமாகிறது. 1740களில் இயற்கையியலாளர் ஆபிரகாம் டிரெம்பிளி நன்னீரில் வாழும் ஹைட்ரா என்னும் சிற்றுயிரை வெட்டி, துண்டுகள் முழு உயிராக வளர்வதைக் காட்டினார். 1770களில் பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் திக்மார் என்ற பாதிரியார் கடல் சாமந்திகளிலேயே அதைச் செய்து பார்த்தார். குமிழ்நுனியோ யாரும் வெட்டாமலே, தன் பாதத்தை எதிரெதிர்த் திசைகளில் நகர்த்தித் தன்னைத்தானே இரண்டாகக் கிழித்துக்கொள்ளக் கூடியது. பிளேடு புதிதாக எதையும் செய்வதில்லை. அந்த விலங்கு தானாகவே செய்யக்கூடியதை நாம் குறிக்கும் நாளில் செய்விக்கிறது.

அந்த நாளைத் தேர்வதில்தான் பொறுப்பு இருக்கிறது. கடல் சாமந்தியின் உள்தோல் செல்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியிலிருந்து தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி விலங்குக்குச் சேர்கிறது. வெட்டுண்ட பாதி ஒன்றிரண்டு வாரங்கள் வாயால் எதையும் உண்ண முடியாத நிலையில், அதைக் காப்பாற்றுவது இந்தப் பாசிகளே. நிறமிழந்து வெளுத்த கடல் சாமந்தி என்றால் பாசிகளை இழந்தது என்று பொருள். அதை வெட்டுவது பட்டினி கிடப்பவனின் காலை உடைப்பதற்குச் சமம். தைப்பூசக் காவடியை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நான் பிளேடைத் தொடுவதில்லை. இங்கு வெப்பம் உச்சத்தில் இருக்கும் அந்த மாதங்களில் புயலும் வரும். மின்சாரம் போனால் பம்பு நின்று நீரில் ஆக்சிஜன் குறையும். வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள், உப்பின் அளவு ஒப்படர்த்தியில் 1.025 அளவில், அம்மோனியா அறவே இன்றி, சில மாதங்களாகவே நிலையாக இருக்கும் தொட்டியில்தான் இதைத் தொடங்க வேண்டும். உணர்கொம்புகளுக்கிடையே வாழும் கோமாளி மீன்களை முன்னதாகவே பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை புண்ணின்மேலேயே புரளும்.

வெட்டு சில நொடிகளில் முடிந்துவிடும். கையுறை அணிந்து, பாதத்தட்டு கிழியாதபடி கல்லிலிருந்து மெதுவாகக் கழற்றி, தொட்டி நீரால் நனைத்த பிளாஸ்டிக் தட்டில் வைக்கிறேன். நீருக்குள் விரிந்திருந்த உடல், உள்ளிருந்த நீரைக் கக்கி, பிழிந்த துணி போலச் சுருங்கிவிடும். வாயின் பிளவைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்து, புதிய பிளேடை அழுத்தி ஒரே இழுப்பில் இறக்க வேண்டும். அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தால் ஓரங்கள் நைந்துபோகும். வெட்டிய பரப்பில் தடுப்புச் சுவர்கள் புத்தகத் தாள்களைப் போல வரிசையாகத் தெரியும், சளியும் பழுப்பு இழைகளும் வழியும். இரண்டு பாதிகளையும் துளையிட்ட கூடைகளில் இட்டு, நீரோட்டம் மெதுவாக உள்ள இடத்தில் வைக்கிறேன். கூடை இல்லாவிட்டால் இன்னும் எதையும் பற்றிக்கொள்ளாத துண்டு மிதந்துபோய்ப் பம்பில் சிக்கிக்கொள்ளும்.

அதன்பின் வேலை முழுவதும் அந்த விலங்கினுடையது. தசைகள் இறுகி வெட்டின் ஓரங்களை உட்புறமாகச் சுருட்டுகின்றன. வெளித்தோல் வெளித்தோலோடும், உள்தோல் உள்தோலோடும் பொருந்தி ஒட்டுகின்றன. சில நாட்களில் பாதம் கல்லைப் பற்றும். தினமும் முகர்ந்து பார்ப்பது அவசியம், ஏனெனில் அழுகும் துண்டு கண்ணுக்குத் தெரியும் முன்பே நாற்றத்தால் காட்டிக்கொடுக்கும். அதை உடனே எடுத்துவிட்டு நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். வாய் மூடித் திறப்பதைக் கண்ட பிறகே, விரல் நகத்தில் பாதியளவு இறால் துண்டு ஒன்றைக் கொடுக்கிறேன்.

ஒவ்வொரு பாதியும் முதலில் பிறை வடிவில் இருக்கும். பிறையின் இரு முனைகளும் நெருங்கி வந்து ஒன்றையொன்று தொடும்போது நடுவிலிருந்த அரைவாய் மறுபடி முழுவட்டமாகிறது. அந்த இணைப்புக் கோட்டின் மேல் முளைக்கும் உணர்கொம்புகள் மற்றவற்றைவிடக் குட்டையாகவும் வெளிறியும் இருப்பதால், வெட்டு விழுந்த இடம் எது என்பதைப் பல வாரங்கள் கழித்தும் கண்ணாடிக்கு வெளியே நின்றே காட்ட முடியும்.