பேய்க்குக் குரல் கொடுக்கும் ஏரி

காட்டுக்கு நடுவே ஓர் ஏரி, கரையில் தனியாக ஒரு மர வீடு, விடுமுறைக்கு வந்த நாலைந்து இளைஞர்கள். கையில் காசில்லாத திகில் பட இயக்குநர்கள் இந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருவதற்கு வாடகை மலிவு என்பது மட்டும் காரணமில்லை. அங்கே பேயைக் காட்ட வேண்டியதில்லை. கேட்க வைத்தால் போதும்.

காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். அற்ப வித்தியாசம்தான், ஆனால் ஒலியின் பாதையையே அது வளைத்துவிடும். வெயிலில் காய்ந்த தரையை ஒட்டிய காற்று சூடாகவும், மேலே போகப் போகக் குளிராகவும் இருக்கும். ஒலியலையின் அடிப்பகுதி முந்திக்கொள்ள, அலை மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. எட்டத்தில் நிற்பவர் காதில் ஒன்றும் விழாது.

கோடைக்கால மாலையில், காற்று அடங்கிய ஏரியின் மேல் இது அப்படியே தலைகீழ். நீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்க, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கிறது. இப்போது முந்துவது அலையின் மேல்பகுதி. அலை கீழே வளைந்து நீரில் மோதுகிறது. நீரோ அதை விழுங்குவதில்லை. மோதும் ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். மிச்சம் எகிறி, மறுபடி வளைந்து, மறுபடி எகிறி, குளத்தில் எறிந்த சில்லுபோலத் தத்திக்கொண்டே எதிர்க்கரை சேர்கிறது.

இங்கேதான் மூளை ஏமாறுகிறது. ஒரு சத்தம் எவ்வளவு தூரத்தில் எழுந்தது என்பதை அது ஒலியின் வலிமை, கீச்சொலிகள் தேய்ந்திருக்கும் அளவு, கூட வரும் எதிரொலி ஆகியவற்றை வைத்துக் கணிக்கிறது. ஏரியைக் கடந்த குரல் இருக்க வேண்டியதைவிட உரத்துக் கேட்பதால், எதிர்க்கரையில் சிரிப்பவர் நம் வீட்டுப் படியில் சிரிப்பதாகப் படுகிறது. வாசலில் ஆளில்லை, குரல் மட்டும் இருக்கிறது.

1980இல் வந்த ‘ஃப்ரைடே தி 13த்’ இதே குழப்பத்தைச் செயற்கையாகச் செய்தது. நியூ ஜெர்சியில் ஏரிக்கரைச் சாரணர் முகாம் ஒன்றில், சுமார் ஐந்தரை லட்சம் டாலரில் எடுத்த படம். கொலையாளியின் முகம் கடைசிப் பகுதி வரை தெரியாது. இசையமைப்பாளர் ஹாரி மன்ஃப்ரெடினி ‘கி’, ‘மா’ என்ற ஓசைகளை மைக்கில் தானே உச்சரித்து, எதிரொலிக் கருவி வழியாக ஓடவிட்டார். வாயருகே பதிவான ஓசையின் கூர்மை ‘பக்கத்தில்’ என்கிறது, எதிரொலி ‘தொலைவில்’ என்கிறது. அது இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கு இந்த முரண்தான் காரணம் என்பது என் எண்ணம்.

ஒலிப்பதிவாளர்களுக்கோ இதே ஏரி பெரிய தலைவலி. எதிர்க்கரையில் யாரோ மோட்டார் படகைக் கிளப்பினால், அந்தச் சத்தமும் நடிகரின் முணுமுணுப்போடு சேர்ந்தே மைக்கில் ஏறிவிடும், பிறகு டப்பிங்தான்.