தண்ணீர் ஊற்றியும் காய்கிற பெரணி

"தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், அடியில் வழிந்தும் வருகிறது. அப்புறம் ஏன் இலை நுனி கருகுகிறது?" பாஸ்டன் பெரணி (Boston fern) வளர்ப்பவர்கள் இப்படிக் கேட்காமல் இருந்ததில்லை. ஊற்றிய வேகத்திலேயே வழிகிறது பாருங்கள், கோளாறே அங்கேதான்.

பெரணியின் வேர்கள் மெல்லிய நார்கள். ஓரிரு வருடத்தில் தொட்டி முழுக்கப் பின்னி, தேங்காய் நார் மிதியடி மாதிரி ஆகிவிடும். அந்தக் கட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். நடுவில் வறட்சி அப்படியே இருக்கும். தண்ணீர் ஊற்றியதும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனக்கவில்லையென்றால் வேருக்கு எதுவும் கிடைக்கவில்லை. தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைப்பது அவசரத்துக்கு உதவும். நிரந்தர வழி, தொட்டியை மாற்றுவது.

புதிய தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். அடிக்கடி மாற்ற வேண்டாமே என்று ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போவதுதான் பலரும் செய்கிற தப்பு. வேர் எட்டாத மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்ச ஆளில்லை. மண்ணின் நுண்துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்கும், வேர் மூச்சுமுட்டி அழுகும். கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் கொஞ்சம் மணலும் கலந்தால் சரி. புதரின் நடுவே, சுருண்ட ரயில்பூச்சி போல இளந்தளிர்கள் கிளம்பும் இடத்தை மட்டும் மண்ணால் மூடாதீர்கள்.

விளிம்பில் பச்சை நூலாகத் தொங்குபவற்றைக் களை என்று வெட்டுகிறார்கள். அவை ஓடுதண்டுகள், மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுக் குட்டிச் செடியாகும். 1894இல் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன பெரணிகளுக்கு நடுவே, இலை வளைந்து தொங்கிய ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. அதுதான் பாஸ்டன் பெரணியின் தொடக்கம். அதைப் பெருக்கியதும் இப்படிப் பிரித்து நட்டுத்தான்.

இன்னொன்று. இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் பூச்சிமருந்தைத் தேடாதீர்கள். நானும் ஒருமுறை அடித்துத் தொலைத்திருக்கிறேன். புள்ளிகள் சிற்றிலையின் நடு நரம்புக்கு இருபுறமும் வரிசை பிசகாமல் இருந்தால் அவை ஸ்போர் பைகள்; பூவும் விதையும் இல்லாத பெரணி இனத்துக்கு விதைக்குப் பதில் இந்த ஸ்போர் தூள்தான். தாறுமாறாக, காம்பிலும் ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால்தான் செதில்பூச்சி.

மாற்றிய பிறகு இரண்டு வாரம் நிழலில் வையுங்கள், உரம் வேண்டாம். பழைய இலைகள் சில பழுத்து உதிரும். உதிரட்டும், நடுவில் அடுத்த ரயில்பூச்சி தலைகாட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.