கரூர் பஸ்ஸை விளையாட்டுக்குள் ஏற்றும்போது எங்கே உடைகிறது?

கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறவர்கள் முதலில் அளப்பது தொழிற்சாலையிலிருந்து வந்திறங்கும் சேசிஸை, அதாவது எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டத்தை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே எவ்வளவு தூரம், எஞ்சின் எங்கே, எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் அதில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். கூண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் அடங்கித்தான் ஆக வேண்டும்.

கணினி விளையாட்டில் இருக்கும் வண்டியை எடுத்துவிட்டு நம் வண்டியை வைப்பதும் இப்படிப்பட்ட வேலைதான். செக் நாட்டின் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012-இல் வெளியிட்ட ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’, இந்தோனேசியாவின் மலியோ 2017-இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ போன்றவற்றில் தமிழ்நாட்டுத் தனியார் பஸ்களை வடிவமைத்து ஓட்டும் இளைஞர்கள் ஏராளம். பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் கச்சிதமாக இருந்த பஸ், விளையாட்டுக்குள் போனதும் சிதறி நிற்கும்போது பலர் முதலிலிருந்தே வரையத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. பிழை எந்த வடிவத்தில் தெரிகிறது என்று பார்த்தாலே எந்த வரம்பு மீறப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பின்பக்க ஏணியிலிருந்து டிரைவர் சீட் வரை கூர்மையான தகடு ஒன்று நீண்டு நிற்கிறதா? முனைகளின் எண்ணிக்கையைச் சந்தேகிக்க வேண்டும். மாடல் முழுவதும் முக்கோணங்களால் ஆனது. ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று முனைகளை வரிசை எண்ணால் குறித்துவைக்கிறது. அந்த எண்ணுக்கு 16 பிட் மட்டும் ஒதுக்கியிருந்தால் 0 முதல் 65,535 வரைதான் எழுத முடியும். 65,540 என்ற எண் அதில் 4 ஆகச் சுருங்கிவிடும். ஏணியின் முக்கோணம் முன்பக்கத்தில் இருக்கும் 4-ஆம் எண் முனையைப் பிடித்துக்கொள்கிறது, தகடு நீள்கிறது. விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி எஞ்சினில் 2017.3 பதிப்பு முதல் 32 பிட் எண்களையும் பயன்படுத்தலாம், ஆனால் இயல்பாகக் கிடைப்பது இன்றும் 16 பிட்தான்.

“பிளெண்டர் 40,000 முனை என்றுதானே காட்டுகிறது?” என்ற கேள்வி உடனே வரும். ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 8 மூலைகள். ஒவ்வொரு மூலையிலும் மூன்று முகங்கள் சந்திக்கின்றன, மூன்றும் வெவ்வேறு திசை பார்க்கின்றன. ஒளி சரியாக விழ வேண்டுமானால் ஒவ்வொரு திசைக்கும் தனி முனை தேவை. எனவே கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போவது 24 முனைகள். கூர்மையான விளிம்புகளும், டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) வெட்டப்பட்ட கோடுகளும் நிறைந்த பஸ்ஸில் எண்ணிக்கை இப்படித்தான் பெருகுகிறது. பக்கத் தகடுகளில் 700 ரிவெட்டுகள், தலைக்கு 100 முனைகள் என்று வரைந்தால் ரிவெட்டுகளே 70,000 முனைகளைத் தின்றுவிடும். அவற்றை நார்மல் மேப்பில், அதாவது தட்டையான பரப்பிலும் மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் படத்தில், வரைந்தால் போதும். மீதி மாடலை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்துவிடலாம்.

வேறு சில கோளாறுகள் எளியவை. ஒரு பக்கச் சுவர் வெளியிலிருந்து மறைந்து, உள்ளிருந்து மட்டும் தெரிந்தால், பாதி பஸ்ஸை வரைந்து மறுபாதிக்குப் பிரதி எடுத்தபோது முகங்களின் திசை புரண்டிருக்கிறது. ஸ்டியரிங் சுழலாமல் ஜன்னலுக்கு வெளியே வட்டமடித்தால் அதன் சுழற்சி மையம் தவறான இடத்தில் இருக்கிறது. காந்திபுரம் பஸ் நிலையச் சுவருக்குள் வண்டியின் வால் புகுந்து வெளியே வந்தால், கண்ணுக்குத் தெரியாத மோதல் பெட்டி இன்னமும் பழைய பஸ்ஸின் நீளத்திலேயே இருக்கிறது என்று பொருள். சக்கரங்கள் கூண்டில் அவற்றுக்காக வெட்டிய வளைவுக்கு வெளியே ஓடினால் சேசிஸ் கணக்கு ஒத்துவரவில்லை; இங்கே வளைந்துகொடுக்க வேண்டியது கூண்டுதான்.

என் மனதுக்கு நெருக்கமான சிக்கல் எழுத்துகள். நம் பஸ்களின் உயிரே பக்கவாட்டில் எழுதிய பெயர்களும் கண்ணாடிக்கு மேல் இருக்கும் சாமி பெயரும்தான். அவை மங்கினால் பஸ் யாருடையதோ ஆகிவிடுகிறது. பலர் டெக்ஸ்சரை 4096×4096 ஆகப் பெரிதாக்குகிறார்கள். சுருக்காமல் வைத்தால் அது 64 எம்பி. தூரத்துக்கான சிறிய பிரதிகளுக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். சாதாரண செல்போன் திணறிவிடும். அதனால் சுருக்குகிறார்கள், எழுத்து கலங்குகிறது.

காரணம் சுருக்கும் முறையில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, கணினிகளில் பயன்படும் பிசி1 (BC1) என்ற முறை படத்தை 4×4 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிறங்களை மட்டும் சேமிக்கிறது. மற்றவை அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கலவைகள். பச்சைப் பஸ்ஸில் மஞ்சள் எழுத்து, அதற்குச் சிவப்பு ஓரம் என்றால் ஒரே கட்டத்தில் மூன்று நிறங்கள் மோதுகின்றன. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே சிவப்பு கிடையாது. ஏதோ ஒன்று பலியாகிறது. ‘ழ’வின் சுழியும் ‘ண’வின் வளைவுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

பஸ் முழுவதற்கும் 2048×2048 வைத்துக்கொண்டு, பெயர்ப் பலகைக்கு மட்டும் 1024×256 அளவில் தனி டெக்ஸ்சர் கொடுத்தால் எழுத்துக்கு அதிகப் புள்ளிகள் கிடைக்கும், ஒரே கட்டத்துக்குள் மூன்று நிறங்கள் சிக்குவது குறையும். சுருக்காமல் விட்டாலும் அது 1 எம்பிதான். பலகையின் பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் மெட்டீரியலும் தனி என்பதால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கூடுதலாக ஒருமுறை வரைய வேண்டியிருக்கும். ஓட்டுகிற ஒரு பஸ்ஸுக்கு அது பாரமில்லை. சாலையில் எதிரே வரும் பஸ்களுக்கெல்லாம் இதே மாடலைப் போடுவதானால், அவற்றுக்குப் பலகை இல்லாத எளிய பிரதியைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.