"வாட்ஸ்அப்லதான் இருந்துச்சு மேடம்!"

போன மாதம் 19ஆம் தேதி, இரவு ஒன்பதரை. குன்னூரில் மழை விட்டபாடில்லை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்திருந்தது. கோத்தகிரிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். மறுநாள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்கு, அதாவது மாதாமாதம் வரிக்கணக்கு காட்டும் படிவத்துக்கு, கடைசி நாள்.

"பில்லெல்லாம் எங்கண்ணா?"

"வாட்ஸ்அப்லதான் இருந்துச்சு மேடம். ஸ்கூட்டர்ல வர்றப்போ போன் நனைஞ்சு போயிருச்சு. புதுப் போன்ல ஒண்ணுமே வரல."

பேக்கப் எடுத்ததுண்டா என்று கேட்டேன். அது தானாக எடுத்துக்கொள்ளும் என்றார். எடுத்துக்கொள்ளத்தான் செய்யும், இடம் இருந்தால். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில்தான் வருகிறது. அவருடைய 15 ஜிபியைப் பேரனின் வீடியோக்களும் காலை வணக்கப் படங்களும் எப்போதோ நிரப்பிவிட்டன. பேக்கப் நின்று எட்டு மாதம். இடம் இல்லை என்று போன் தினமும் சொல்லியிருக்கிறது. அவரும் தினமும் அதைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

பதினெட்டு வருடமாக இந்த மலையில் வரி ஆலோசகராக இருக்கிறேன். முன்பெல்லாம் பில்களை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பூஞ்சை வாடையோடு இருக்கும். ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காயப்போட்டுப் பிரித்திருக்கிறேன். இப்போது செத்த போனோடு வருகிறார்கள். மஞ்சள் பையே தேவலாம். இந்த ஒரு வருடத்தில் இது ஐந்தாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். வாட்ஸ்அப் தேயிலை ஏற்றிப் போகிற வண்டி. அது குடோன் இல்லை. பறித்த இலையைச் சாக்கில் அமுக்கி வண்டியிலேயே இரண்டு நாள் போட்டுவைத்தால் சூடேறிச் சிவந்துபோகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பில்லுக்கு மட்டும் அது ஏன் புரியமாட்டேன் என்கிறது?

"அனுப்பிட்டேன்" என்பதும் "வந்துடுச்சு" என்பதும் "வெச்சிருக்கேன்" ஆகாது. கோயம்புத்தூர் சப்ளையர் அனுப்பிய பிடிஎஃப்பை நீங்கள் திறக்கவே இல்லை என்றால், சில மாதம் கழித்துத் திறக்கும்போது மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்து நிற்கும். அதற்குள் அங்கே அனுப்பிய பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். பில்லைப் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பொருளின் வகையைக் காட்டும் எச்எஸ்என் எண்ணில் எது 3, எது 8 என்று நான் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தானாக மறையும் மெசேஜ் என்ற வசதியை யாராவது தெரியாமல் தட்டியிருந்தால், அதன்பின் வருவதெல்லாம் அதிகபட்சம் 90 நாளில் காலி. போன் நிரம்பிவிட்டது என்று காலேஜ் படிக்கும் மகள் நல்ல மனதோடு 'கிளியர் சாட்' கொடுத்த கதையும் என்னிடம் உண்டு. எதுவுமே நடக்கவில்லை என்றே வையுங்கள். ஐநூறு மெசேஜுக்கு நடுவில், எந்தப் பெயரும் இல்லாமல் வெறும் எண்ணோடு கிடக்கும் பிடிஎஃப்பை யார் தேடுவது? நான்தான். ராத்திரி பதினோரு மணிக்கு.

இதற்கு ஒரு எதிர்வாதம் வரும். "ஜிஎஸ்டி சைட்லயே தெரியுமே மேடம்?" தெரியும். சப்ளையர் ஒழுங்காக ஏற்றியிருந்தால் மாதம் 14ஆம் தேதி வரும் 2பி பட்டியலில், அதாவது சப்ளையர்கள் உங்கள் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியலில், அந்த பில் இருக்கும். ஆனால் பொருள் வாங்கியபோது கொடுத்த அந்த வரியை, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள பில் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. விட்டுப்போன பில்லை அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30க்குள் எடுக்காவிட்டால் அந்தக் காசு அவ்வளவுதான். கணக்கையும் பில்லையும் 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதுவும் ஆண்டு ரிட்டர்ன் தேதியிலிருந்து. ஆறு வருடம்! ஆறு வருடம் ஒரே போனை வைத்திருப்பவர் யாராவது இருக்கிறீர்களா?

ரிட்டர்ன் தாமதமானால் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். வியாபாரமே இல்லாத மாதம் என்றால் 20. கட்டாத வரிக்கு வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், தனியாக.

இன்னொரு ரகம் இருக்கிறது, பெரும்பாலும் இளைஞர்கள். வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "மேடம், கணக்குக்கு நல்ல ஆப் ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்டார். அவர் போனைப் பார்த்தேன். நோஷன், டிரெல்லோ, டுடூயிஸ்ட், அது போதாதென்று பழக்கவழக்கத்தை எண்ணுவதற்கு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ணம் கொடுத்து அழகாக அடுக்கியிருந்தார். அதில் ஒரு வேலைகூட முடிந்திருக்கவில்லை. அந்த ஆப்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு மாதம் தொடர்ந்து எழுதினால் நல்ல சாமான்தான். ஐந்தாவது ஆப் தேடுகிறவருக்கு மட்டும் அது உதவாது.

என் வாடிக்கையாளர்களில் கணக்கு சுத்தமாக இருக்கும் ஒரு அக்கா ஊட்டியில் வர்க்கி பேக்கரி நடத்துகிறார். எட்டாவது வரை படித்தவர். அவர் செய்வது இவ்வளவுதான்: ஷட்டர் இறக்குவதற்கு முன் பத்து நிமிடம். அன்றைய பில்களை மேசையில் பரப்பி, போனில் கூகுள் டிரைவைத் திறந்து, அதிலேயே இருக்கும் ஸ்கேன் பொத்தானால் ஒவ்வொன்றாக எடுப்பார். பிடிஎஃப் ஆகிவிடும். அந்த மாதத்து ஃபோல்டரில் போடுவார். ஃபோல்டரை என்னோடு பகிர்ந்திருப்பதால் அவர் எனக்கு எதையும் அனுப்பவே வேண்டாம். மகன் பெங்களூரிலிருந்து லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றானாம். "எதுக்குடா" என்றாராம்.

அந்தப் பத்து நிமிடத்தை நாளைக்குத் தள்ளாதீர்கள். பெட்ரோல் பங்கிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் தரும் வழவழப்பான பில் வெப்பத்தாளில் அச்சாவது. சட்டைப் பையிலும் வண்டி டேஷ்போர்டிலும் கிடந்தால் எழுத்து மங்கிக்கொண்டே போய் வெள்ளைத் தாளாகிவிடும். வெள்ளைத் தாளை நான் செலவுக் கணக்கில் காட்ட முடியாது.

பெயர் வைக்கும்போது தேதியை முன்னால் போடுங்கள். வருடம், மாதம், நாள், பிறகு கடைப் பெயர். 2025-07-14 என்று ஆரம்பித்தால் கம்ப்யூட்டரே வரிசையாக அடுக்கிக்கொள்ளும். "புதுசு", "புதுசு ஃபைனல்", "புதுசு ஃபைனல் கரெக்ட்" என்றெல்லாம் பெயர் வைத்து அனுப்புகிறவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

காலண்டரில் 20ஆம் தேதி நினைவூட்டல் வைக்காதீர்கள். 10க்கு ஒன்று, 17க்கு ஒன்று, மாதாமாதம் தானாக வரும்படி வையுங்கள். 20ஆம் தேதி ஊரே அந்த சைட்டில் நிற்கும். நமக்கோ மரம் விழுந்தால் கேபிள் போகும், கேபிளோடு கரண்டும் போகும், கொஞ்ச நேரத்தில் டவர் பேட்டரியும் தீரும். பர்லியாறு பக்கம் மண் சரிந்த அன்றைக்கு மேட்டுப்பாளையம் போய் ரிட்டர்ன் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பவும் முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு மழை, அக்டோபர் நவம்பரில் இன்னொன்று. இது தெரிந்தும் கடைசி நாள் வரை உட்கார்ந்திருப்பது என்ன தைரியமோ!

எஸ்டேட் உள்ளே சிக்னல் கிடைக்காதவர்கள் டிரைவில் இருக்கும் கணக்கு ஷீட்டை 'ஆஃப்லைன்' என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே எழுதலாம், சிக்னல் வந்ததும் ஏறிக்கொள்ளும். ஷீட் என்றதும் எக்செல் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கால்குலேட்டரில் கூட்டி, வந்த தொகையை எக்செல்லில் தட்டி, சரியாக இருக்கிறதா என்று மறுபடி கால்குலேட்டரில் கூட்டிப் பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். கூட்டுவதற்காகத்தான் ஐயா அது இருக்கிறது! ஒரே ஒரு 'சம்' சூத்திரம். வாருங்கள், டீ குடித்துக்கொண்டே சொல்லித் தருகிறேன்.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததிலிருந்து சீசனில் ஒரே கேள்விக்கு நாளைக்கு நாற்பது தடவை பதில் தட்டுகிறோம் என்று புலம்புகிறீர்கள். வாட்ஸ்அப் பிசினஸில் 'குவிக் ரிப்ளை' என்று இருக்கிறது. இ-பாஸ் விவரம், வரும் வழி, வாடகை மூன்றையும் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், ஒரு சாய்கோடு போட்டுக் குறுஞ்சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து விழும். வாட்ஸ்அப்பை இந்த மாதிரி வேலைக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டத்தானே!

ஹார்டுவேர் அண்ணன் கதை? 3பி நான்கு நாள் தாமதமாகப் போனது. சப்ளையர்களிடம் பேசிப் பேசி முக்கால்வாசி பில் வாங்கிவிட்டோம். மீதிக்கு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. சனிக்கிழமை கடைக்கே போய் டிரைவைப் போட்டுக் கொடுத்தேன். பேரன் வீடியோ எதையும் அழிக்கவில்லை. அழிக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. கடைக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்கிவிட்டோம்.

கடைசியாக, கையெடுத்துக் கேட்கிறேன். ஜிஎஸ்டி கணக்கில் பதிந்திருக்கும், ஓடிபி வருகிற மொபைல் எண் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஓசூரில் இருக்கும் மருமகனிடமா, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்மா? அதை மாற்றிவிடலாம், சின்ன வேலைதான். என் அலுவலகத்துக்கு வரும்போது ஓடிபி வருகிற போனையே எடுத்து வாருங்கள். சார்ஜ் போட்டு.