சிமெண்டுக்குள் ஒரு பிடி கரி

அடுப்புக்கரித் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முதலில் மிதக்கும். பிறகு பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். காற்று வெளியேறிய துளைகளில் தண்ணீர் குடியேறுகிறது. கான்கிரீட் ஆய்வாளர்களுக்குக் கரியின்மேல் ஆசை வந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் குமிழிகள்தாம்.

மீதிக் காரணம் சிமெண்ட் சூளையில் இருக்கிறது. சிமெண்டுக்காகச் சூளையில் சுடும் தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சிதைந்தால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை தனிக்கணக்கு. சூளையைச் சூரிய ஒளியிலேயே ஓட்டினாலும் இந்த 44 குறையாது.

உயிர்க்கரி என்பது உமி, மரத்தூள் போன்ற கழிவைக் காற்றுப் புகாமல் சூடாக்கிப் பெறும் கரி. கரிமூட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மட்கினால் காற்றுக்கே திரும்பியிருக்கும் கரிமம், கரியாகிவிட்டால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

அதை மாவாக அரைத்துக் கலவையில் சேர்த்தால் என்ன நடக்கிறது? சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதற்காகத்தான் தூணில் சாக்கைச் சுற்றி நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் அடர்த்தியான கான்கிரீட்டின் நடுப்பகுதிக்கு அந்தத் தண்ணீர் எளிதில் எட்டாது. கரித்துகளோ தன் துளைகளில் பிடித்துவைத்த நீரை, சுற்றிலும் வறளும்போது மெல்ல விட்டுக்கொடுக்கிறது. உள்ளிருந்தே நீராற்றுவது போலத்தான்.

ஆனால் பெரும்பாலான கரிக்குச் சிமெண்டைப் போலத் தானாக ஒட்டிப் பிடிக்கும் குணம் இல்லை. சிமெண்ட் எடையில் 1 அல்லது 2 சதவீதம் வரை பெரும்பாலும் நன்மை. 5 சதவீதத்தைத் தாண்டினால் வலிமை குறைவதே வழக்கம். கரி நீரை இழுப்பதால் கலவை கெட்டிப்படும். கொத்தனார் இன்னும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டால் கிடைத்த லாபமும் போய்விடும். கரியை முன்கூட்டியே ஊறவைப்பது நல்லது.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ மூட்டையில் 2 சதவீதம் என்றால் ஒரு கிலோ கரி. அதில் 80 சதவீதம் கரிமம் என்று கொண்டால், பூட்டப்படுவது சுமார் 3 கிலோ கரியமில வாயு. மூட்டை வெளியிட்டதோ ஏறத்தாழ 40 கிலோ. இந்தியாவில் பிபிசி (PPC) எனப்படும் போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்டில், சூளையில் சுட்ட சரக்குக்குப் பதிலாக 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல் சேர்க்கிறார்கள். அதன் பக்கத்தில் கரி சின்னப் பிள்ளைதான்.

மணலுக்குப் பதிலாகப் போட்டால் கதை மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தார் காபிச் சக்கையை 350 டிகிரி செல்சியஸில் கரியாக்கி, மணலில் 15 சதவீதத்துக்கு ஈடாகச் சேர்த்தார்கள். 2023இல் வெளியான அந்த முடிவின்படி வலிமை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது. 500 டிகிரியில் சுட்ட கரி அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை.