அலுவலகத்தைப் பூட்டுவதால் நிறுவனம் கலைந்துவிடுவதில்லை

நன்கொடை நின்றதும் வெள்ளவத்தையில் எடுத்திருந்த வாடகை அலுவலகத்தைக் காலிசெய்து, தளபாடங்களைப் பாடசாலையொன்றுக்குக் கொடுத்துவிட்டு, தொண்டு நிறுவனத்தை மூடியாயிற்று என்று நம்பியிருக்கும் பணிப்பாளர்களைக் கொழும்பில் கம்பனிச் செயலாளராகப் பணியாற்றும் நான் அடிக்கடி சந்திக்கிறேன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அதாவது கலைப்பின்போது குறித்த தொகைவரை மட்டும் தருவதாக உறுப்பினர்கள் உறுதியளிக்கும் கம்பனியாகப் பதிவான அமைப்பு, பதிவேட்டில் பெயர் உள்ளவரை சட்டப்படி உயிருடன்தான் இருக்கிறது. கம்பனியின் விபரங்களை ஆண்டுதோறும் பதிவாளருக்குத் தரும் வருடாந்த விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கும் கடமையும் அதனுடனேயே இருக்கிறது.

கடன்களைத் தீர்க்க வசதியுள்ள அமைப்புக்கு, உறுப்பினர்கள் தாமாகவே கலைக்கும் வழி உண்டு. கணக்குகளை ஆராய்ந்து, கலைப்புத் தொடங்கி 12 மாதங்களுக்குள் எல்லாக் கடன்களையும் தீர்க்க முடியும் எனப் பணிப்பாளர்கள் முதலில் பிரகடனம் செய்ய வேண்டும். இதை வெறும் படிவமாக எண்ணிக் கையொப்பமிடுவது ஆபத்தானது. நியாயமான ஆதாரமின்றிச் செய்யும் பிரகடனம் குற்றமாகும். அதன்பின் உறுப்பினர்கள் விசேட தீர்மானம் (சாதாரண பெரும்பான்மையைவிடக் கூடிய வாக்குகள் தேவைப்படும் தீர்மானம்) நிறைவேற்றி, வர்த்தமானியில் அறிவித்தல் வெளியிட்டு, கடன்களையும் சொத்துகளையும் தீர்த்துவைக்கும் கலைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

கடன் என்றதும் பலருக்கு வங்கி மட்டுமே நினைவுக்கு வருகிறது; ஊழியர்களுக்குரிய நிலுவைகளையே நான் முதலில் கேட்பேன். ஊழியர் சேமலாப நிதியத்துக்குச் சம்பளத்தின் அடிப்படையில் தொழில்தருநர் செலுத்தும் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் கடைசி மாதம்வரை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில், 5 ஆண்டுகள் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உரியது. அத்தகைய இடங்களில் வேலைநீக்கத்துக்கு ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவைப்படுவதால், தீர்மானத்துக்கு முன்பே இதனைக் கவனிக்க வேண்டும். நன்கொடையாளர் போனாலும், களத்தில் இறங்கி உழைத்தவர்களின் உரிமை போய்விடுவதில்லை.

எஞ்சும் வாகனமும் பணமும் உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்வதற்கானவை அல்ல. இவ்வமைப்புகளின் அகவிதிகள் (கம்பனியை நடத்துவதற்கான அதன் சொந்த விதிகள்) பெரும்பாலும் அவற்றை ஒத்த நோக்கமுடைய வேறோர் அமைப்புக்கு ஒப்படைக்குமாறு கூறுகின்றன. நன்கொடை ஒப்பந்தத்தில் தனி நிபந்தனை இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமூக சேவை அமைப்பாகவும் பதிந்திருந்தால், அந்தப் பதிவுக்குப் பொறுப்பான செயலகத்துக்கும் தனியே அறிவிக்க வேண்டும்.

இறுதிக் கூட்டத்தில் கலைப்பாளர் கணக்கை முன்வைத்து, அதற்கான அறிக்கையைக் கம்பனிப் பதிவாளரிடம் சமர்ப்பிப்பார். அது பதிவாகி 3 மாதங்கள் கழிந்த பின்னரே கம்பனி கலைந்ததாகக் கருதப்படும்.