அவதாரம்: சாமி வருவதற்குத் தமிழில் என்ன சொல்?

அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதிய கதைகளை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவோம். எல்லாரும் பெங்களூரிலேயே பிறந்தவர்கள், அல்லது வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். போன மாதம், ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி ஒரு மிகுபுனைவுக் (ஃபேன்டசி) கதையின் முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்தாள். பழந்தமிழரின் போர்த் தெய்வமான கொற்றவை இந்த ஊருக்கு வருகிறாள். மெட்ரோ ரயிலில் நிற்கிறாள். கூட்டத்தில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. கதை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. முதல் வரி மட்டும் உறுத்தியது: "கொற்றவை மீண்டும் அவதாரம் எடுத்தாள்."

"அவதாரம் வேண்டாமே" என்றேன். "சரி அக்கா, வேறென்ன போடட்டும்?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் அந்தச் சொல்லோடு இருந்த பிறகு எழுதுகிறேன்.

அவதாரம் வடசொல். 'அவ' என்றால் கீழே, 'த்ரூ' என்ற வேர் கடத்தலைக் குறிக்கும். கடந்து கீழே வருதல், அதாவது இறங்குதல். ஆற்றைக் கடக்கும் துறைக்குப் பெயரான 'தீர்த்தம்' இதே வேரில் பிறந்ததுதான். அதனால் அவதாரம் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வானம் இல்லை, படித்துறை. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு யாரோ இறங்கி வருகிறார்கள்.

அவதாரக் கொள்கைக்கு எல்லாரும் மேற்கோள் காட்டுவது கீதையின் நான்காம் அத்தியாயத்தை. 'சம்பவாமி யுகே யுகே' என்ற இடம். ஆனால் அவதாரம் என்ற சொல் கீதையில் எங்குமே இல்லை. அங்கே இருப்பது 'உண்டாகிறேன்', 'தோன்றுகிறேன்' என்ற பொருளுள்ள வினைகள்தாம். கருத்து முதலில் வந்துவிட்டது, அதற்கான பெயர் பின்னால்தான் நிலைபெற்றது.

நம் ஆழ்வார்களிடம் போனால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நம்மாழ்வார் திருவிருத்தத்தின் முதல் பாட்டிலேயே 'எந்நின்ற யோனியுமாய்ப் பிறந்தாய்' என்கிறார். திருவாய்மொழியில் 'பிறந்தவாறும் வளர்ந்தவாறும்' என்று உருகுகிறார். 'சன்மம் பலபல செய்து வெளிப்பட்டு' என்று இன்னொரு இடத்தில் பாடுகிறார். பிறந்தான், வளர்ந்தான், வெளிப்பட்டான். கடவுள் ஒரு தாயின் வயிற்றில் பிறந்து, வெண்ணெய் திருடி அடி வாங்கினான் என்பதுதான் அவர்களை உருக்குகிறது. கம்பர் காலத்துக்கு வரும்போது வடசொல் ஊன்றிவிட்டது. பாலகாண்டத்தில் இராமன் பிறக்கும் பகுதிக்குத் திருவவதாரப் படலம் என்றே பெயர்.

அப்புறம் அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கோபத்தில் இருக்கிற அம்மாவைக் 'காளி அவதாரம்' என்கிறோம். நடிகர் 'இயக்குநராகப் புதிய அவதாரம் எடுக்கிறார்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. 1980களில் கணினி விளையாட்டுக்காரர்கள், திரைக்குள் நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்துக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். இன்றைக்கு இந்த ஊரில் ஐடி வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு 'அவதார்' என்றால் முகப்படம். கடைசி 'அம்' உதிர்ந்துபோய், வெளிநாட்டு உச்சரிப்போடு நம்மிடமே திரும்பியிருக்கிறது. கடவுள் மனித உடலுக்குள் இறங்கியதைச் சொன்ன வார்த்தை, மனிதன் கணினிக்குள் இறங்குவதைச் சொல்கிறது. பொருள் அப்படியொன்றும் கெட்டுப்போகவில்லை, திசைதான் மாறியிருக்கிறது.

கொற்றவைக்கு இந்தச் சொல் ஏன் ஒட்டவில்லை? அவதாரம் என்றால் பிறப்பு உண்டு. வேலை முடிந்ததும் விடைபெறுதல் உண்டு. இராமனும் கண்ணனும் அப்படி வந்து போனவர்கள். ஆனால் எல்லாத் தெய்வமும் அப்படி வருவதில்லை. சிலப்பதிகாரம் சிவனைப் 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்கிறது. பிறக்கவே பிறக்காதவன் அவதாரம் எடுப்பது எப்படி? அவன் வேடமிட்டு வருவான், கூலிக்காரனாக வருவான். அந்த வருகையை மாணிக்கவாசகர் 'மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு' என்று பாடியிருக்கிறார். மதுரையில் வைகைக் கரையை அடைக்க மண் சுமந்து, பிட்டைக் கூலியாக வாங்கித் தின்று, பாண்டியனிடம் பிரம்படி பட்ட கடவுள். இந்த ஊரில் பாதி எழும்பி நிற்கிற அடுக்குமாடிகளுக்கு வெளியே, நீலத் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் கட்டட வேலைக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரி வரும். பழைய கடவுள் புது நகரத்துக்கு வருகிற கதையை எழுத நினைக்கிறவர்கள் முதலில் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

தனித்தமிழில் அவதாரத்துக்கு நேர்ச்சொல்லாகத் 'தோற்றரவு' என்பதை வைத்திருக்கிறார்கள். நல்ல சொல். 'தேறு' என்பதிலிருந்து தேற்றரவு வந்த அதே வார்ப்பில் 'தோன்று' என்பதிலிருந்து வந்தது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குத் தேற்றரவாளன் என்ற சொல் பழக்கமானது, அதனால் இதுவும் காதுக்கு அந்நியமாக இராது. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஃபேன்டசி என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்கத்தின் 'ஃபன்டாசியா'. காட்டுதல், தோன்றுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. ஆக மிகுபுனைவும் தோற்றரவும் வேரளவில் ஒரே செயலைச் சொல்கின்றன: முன்னே இல்லாதது கண்ணுக்குப் புலப்படுவது. கட்டுரையில் எழுத, பாடநூலில் போட, தோற்றரவு போதும். ஆனால் கதையில் ஒரு பாட்டி வாயிலிருந்து 'அம்மனோட தோற்றரவு' என்று வராது.

'மீண்டும்' என்ற சொல்லிலும் எனக்குத் தகராறு உண்டு. மேலை நாட்டு மிகுபுனைவில் பழைய தெய்வங்கள் 'திரும்பி' வருகிறார்கள் என்றால் அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ரோமப் பேரரசில் 4ஆம் நூற்றாண்டின் கடைசியில், தியோடோசியஸ் காலத்தில், பழைய தெய்வ வழிபாடுகளைத் தடை செய்தார்கள். கோயில்கள் மூடப்பட்டன. அந்தத் தெய்வங்கள் உண்மையிலேயே போய்விட்டவர்கள். நம் முருகன் எங்கே போனான்? கிருத்திகை அன்று எந்த முருகன் கோயிலுக்கும் போய்ப் பாருங்கள், உள்ளே நுழைய வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வைணவத்தில் அர்ச்சாவதாரம் என்று ஒன்று சொல்வார்கள். கோயிலில் நிற்கும் திருமேனியே இறைவனின் இறங்கிய நிலை, அது எப்போதும் இங்கேயே இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. போகாதவருக்குத் திரும்பி வருதல் ஏது?

ஆனால் நிஜமாகவே மறைந்தவர்களும் நம்மிடம் உண்டு. அவர்களுக்குத்தான் 'மீள்வருகை' என்ற சொல் பொருந்தும். இந்திரனுக்குப் புகார் நகரில் ஊரே திரண்டு விழா எடுத்தது. அந்த விழாவை மறந்ததால்தான் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. இன்றைக்கு இந்திரனுக்கு ஊர் கூடி எடுக்கும் விழா எங்கே? தவ்வை இருக்கிறாள். பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டு விலகுவாள் என்று குறள் சொல்லும் மூத்தவள், மூதேவி. பல்லவர் காலத்தில் கோயிலுக்குள் இடம் பெற்றிருந்தவள், இன்றைக்கு அவள் பெயரே வசைச்சொல். அவள் இந்த நகரத்துக்கு வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், அது மீள்வருகை. அப்படி ஒரு கதையை யாராவது எழுத வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

சரி, கொற்றவைக்கு வருகிறேன். சங்கப் பாட்டு இதற்கு ஒரு வினையைத் தயாராக வைத்திருக்கிறது. நற்றிணை 34ஆம் பாட்டு. காதல் நோயில் வாடும் பெண்ணைப் பார்த்து, முருகு பிடித்துவிட்டது என்று வீட்டார் முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு, சாமியாடும் வெறியாட்டு நடத்துகிறார்கள். முருகன் வருகிறான். தோழி அவனையே நேருக்கு நேர் பார்த்துத் திட்டுகிறாள்: இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும், கடம்ப மாலை சூடி, வேலன் கூப்பிட்டான் என்று 'வெறிமனை வந்தோய், கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே'. நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, நிச்சயம் அறிவில்லாதவன்தான், நல்லா இரு முருகா! கடவுள் ஒரு சாதாரண வீட்டுக்குள் வந்து, ஒரு பெண்ணிடம் பேச்சு வாங்குகிறான். அங்கே கவிஞர் போட்ட வினை 'வந்தோய்'. இன்றைக்கும் அல்சூரிலோ மர்ஃபி டவுனிலோ அம்மன் திருவிழாவில் நம் ஆட்கள் சொல்வது 'சாமி வந்துடுச்சு' என்றுதான். கன்னடத்திலும் இதே கதை. 'மைமேலே தேவரு பந்து' என்பார்கள். அவர்களுடைய மை நம்முடைய மெய், அவர்களுடைய பரு நம்முடைய வரு.

சிலப்பதிகாரம் வேட்டுவ வரியில் இன்னொரு வினை கிடைக்கிறது. சாலினி என்பவள் 'தெய்வம் உற்று' மயிர் சிலிர்க்க ஆடுகிறாள். தெய்வம் அவளை உறுகிறது, அதாவது வந்து சேர்கிறது. சாமி பேசுகிற முதல் பேச்சே குறை சொல்வதுதான். பக்கத்து ஊர்களில் ஆநிரை பெருகியிருக்கிறது, வேட்டுவரான எயினரின் மன்றமோ பாழாய்க் கிடக்கிறது, வீரக்குடியில் பிறந்தவர்கள் 'அறக்குடி போல் அவிந்து அடங்கினர்' என்று கடிகிறாள். தெய்வம் வந்து பார்க்கிறது, தன் ஜனம் மாறிப்போயிருக்கிறது, கோபப்படுகிறது. இன்றைய மிகுபுனைவு கையாள்கிற அதே நெருக்கடி, வரப்போகிறவளும் அதே கொற்றவை. தங்கையிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியபோது, தன் கதையில் கொற்றவை பேசும் முதல் வசனத்தை அங்கேயே மாற்றினாள்.

கோயில் வழக்கில் 'எழுந்தருளல்' இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், செப்புத் திருமேனிகளைச் செய்து கொடுத்ததை 'எழுந்தருளுவித்த' என்று பதிவு செய்கின்றன. கருவறையை விட்டுத் தெருவுக்கு வரும் சாமிக்கும் அதே சொல்தான். மரியாதை நிறைந்த சொல், சாமி ஊர் பார்க்க வருகிற கதைக்கு அழகாக ஒட்டும். வேட்டுவர் மன்றத்தில் ஆடியவளுக்கு அது கொஞ்சம் பட்டு உடுத்தின சொல். கிறிஸ்தவத் தமிழர்களும் 'வருகை' பக்கம்தான் போயிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்துக்குப் போகிற என் தோழி வீட்டில் அது சர்வசாதாரணமாகப் புழங்குகிற சொல்.

இந்த ஊருக்கென்றே ஓர் உதாரணம் உண்டு, கரகம். சைத்ரப் பௌர்ணமி இரவு, திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து திரௌபதியின் கரகம் புறப்படும். பாண்டவர்கள் விண்ணுலகம் போகிற வழியில் திமிராசுரன் குறுக்கிட்டான், திரௌபதி வீரகுமாரர்களைப் படைத்து அவனை அழித்தாள், அவளைப் பிரிய மனமில்லாத அந்த வீரர்களுக்காக வருஷத்துக்கு ஒருமுறை வருவதாக வாக்குக் கொடுத்தாள் என்பது இதை நடத்தும் திகளர் சமூகத்தின் மரபு. கையில் வாளோடு வீரகுமாரர்கள் கூடவே ஓடுவார்கள். ஊர்வலம் ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போகும். சடங்கில் ஒரு பகுதி சம்பங்கி ஏரியில் நடக்க வேண்டும். அந்த ஏரிப் படுகையில் இன்றைக்குக் கண்டீரவா மைதானம் நிற்கிறது. மிஞ்சியிருக்கும் சின்னக் குளத்துக்குத்தான் அவள் வருகிறாள். ஏரி போய்விட்டது, வருகை நிற்கவில்லை. கரகம் என்ற சொல்லோ தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது, 'நூலே கரகம் முக்கோல் மணையே' என்று.

இதையெல்லாம் வைத்து என் கருத்து: வகைக்குப் பெயர் வேண்டுமென்றால் 'தெய்வ வருகைப் புனைவு' என்று வைக்கலாம். கதைக்குள் அவதாரத்தைத் திருமாலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அங்கே அதற்கு உரிமை இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தந்தச் சாமி எப்படி வருமோ அந்த வினையைப் போடுவதுதான் சரி.

போன ஞாயிறு தங்கை திருத்திய பக்கத்தை வாசித்தாள். ஊரிலிருந்து பாட்டி ரயிலில் வந்தால் நாம் என்ன சொல்வோமோ, அதையே போட்டிருந்தாள்: "கொற்றவை அல்சூரில் வந்திறங்கினாள்."